பின்சீற்றில ஒரு பாரம்

மருமோன்,

உம்மட குரல் செய்தி கிடைச்சது. நாலு நிமிசம். நான் திண்ணையில இருந்து கேட்டன், மாமி அடுப்படியில நிண்டு கேட்டா, நாய் படியில படுத்திருந்து கேட்டது. ஒக்டோபர் கடைசியில நீர் கனடாவில இருந்து வந்து, கூட்டாளிமார் ஐஞ்சு பேரையும் சேர்த்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில இருந்து ஆறு மோட்டசைக்கிளில மன்னாருக்கு வெளிக்கிடுறியள், ரெண்டாம் நாள் பின்னேரம் கட்டுக்கரைக்கு வந்து எங்கட வீட்டில தங்குறியள். இவ்வளவும் மூண்டு பேருக்கும் விளங்கினது. நீர் அதுக்கு வைச்ச பேர்தான் நாய்க்குக்கூட விளங்கேல்ல. இலையுதிர்காலச் சவாரி.

எந்த இலை, மருமோன்?

உங்க ரொறன்ரோவில புரட்டாசி முடிய மேப்பிள் இலை சிவக்குமாம், மஞ்சளாகுமாம், பிறகு கொட்டுமாம். அல்கொன்குயின் காட்டுப் பக்கம் அதைப் பார்க்கவெண்டே கார் வரிசை நிக்குமாம். நீர் அனுப்பின படமும் பார்த்தனாங்கள். வடிவுதான். பழுத்து விழப்போற இலைக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிற ஊரில பழுத்த கிழவனுக்கும் ஏதாவது குடுப்பினம்போல எண்டு மாமியிட்டச் சொன்னன். அவ சிரிக்கேல்ல.

இஞ்ச கதை மற்றப் பக்கம். ஆடி, ஆவணியில சோழகக் காத்து அடிச்சுக் காய்ஞ்சு கிடந்த பத்தையெல்லாம் ஐப்பசி மழை ரெண்டு விழுந்தாப் பிறகுதான் துளிர்க்கும். நீர் இலை உதிருறதைப் பார்க்க வாற நேரம் இஞ்ச இலை வாற நேரம். எங்கட மரம் இலையைக் கொட்டுறதெண்டால் குளிருக்குக் கொட்டாது, வெயிலுக்குத்தான் கொட்டும். பழைய ஆக்கள் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் எண்டு ஒரு தனிப் பருவமே வைச்சிருந்தவை. குளிரைப் பார்த்து வைச்ச பேர். வேணுமெண்டால் அந்தப் பேரை வையும். ‘கூதிர்ச் சவாரி’ எண்டு பெனியன் அடிச்சால் உங்களோட வாற கொழும்புத் தம்பிக்கு வாசிக்க வராது, அது அவனுக்கு நல்லது.

இனி, வழி சொல்லுங்கோ எண்டு கேட்டீர். சொல்லுறன். கிழவனுக்கு மோட்டசைக்கிளைப் பற்றி என்ன தெரியும் எண்டு உம்மட கூட்டாளி ஒருத்தன் அந்த வட்ஸ்அப் குழுவில சிரிச்சுக்கொண்டு போட்டிருந்தான். என்னையும் அந்தக் குழுவில சேர்த்துவிட்டது நீர்தான், அதை அவனுக்குச் சொல்ல மறந்திட்டீர்.

அவனுக்குச் சொல்லும்: இந்தக் கிழவன் மண்ணெண்ணையில மோட்டசைக்கிள் ஓட்டினவன். தொண்ணூறுகளில பெற்றோல் தடை. மடுப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த காலம். என்னட்ட ஒரு ஹொண்டா எம்.டி. 90 இருந்தது. கண்ணுக்கு விடுற மருந்துப் போத்தல் தெரியும்தானே, அதுக்குள்ள பெற்றோல். அதைச் சட்டைப் பையில நெஞ்சோட வைச்சிருப்பம், காசைவிடக் கவனமாய். காலமை காபரேற்றருக்குள்ள அஞ்சாறு துளி விட்டு, உதைச்சு, எஞ்சின் பிடிச்ச உடன மண்ணெண்ணையைத் திறந்துவிடுறது. அது இருமும், துப்பும், வெள்ளைப் புகை தள்ளும், பிறகு மனமில்லா மனதோட ஓடும். நடுவழியில நிண்டிட்டால் திருப்பியும் துளிக் கணக்கு. பிளக்கைக் கழட்டி மண்ணில தேய்ச்சுக் கரியை எடுத்து, ஊதி, திருப்பிப் பூட்டுறது. ஒருக்கால் போத்தலை மாறி எடுத்து மாமியின்ர கண் மருந்தைக் காபரேற்றருக்கு விட்டிட்டன். நல்லகாலம், அவ பெற்றோலைக் கண்ணுக்கு விடமுதல் மணந்து பார்த்தா. அண்டையில இருந்து அவ எனக்கு முன்னால எந்தப் போத்தலையும் மணக்காமல் திறக்கிறதில்லை.

ஆகவே, ‘இந்த எஞ்சினுக்கு ஒக்ரேன் 95தான் சரிவரும்’ எண்டு உம்மட கூட்டாளி முகத்தைச் சுழிக்கிறதை நான் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருப்பன். 2022இல பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு கியூ.ஆர். அட்டை தந்த நேரம் இவனெல்லாம் எங்க இருந்தவனோ. நான் செற்றில நிண்டனான், சாக்குக் கதிரையோட.

உடுப்பு விசயம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் பிளாஸ்ரிக் வைச்ச கறுப்புச் சட்டை வாங்கினதாய்ச் சொன்னீர். நல்லது, போடும். விழுந்தால் தோல் தப்பும். ஆனால் நானாட்டான் சந்தியில ஆறு பேர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால், விசேட அதிரடிப்படை வந்திட்டுது எண்டு எங்கட சனம் பழைய ஞாபகத்தில ஒழுங்கைக்குள்ள போயிடும். தேத்தண்ணி ஊத்த ஆள் இருக்காது. ஹெல்மெற்றைக் கழட்டிப் போட்டு முதலில சிரியுங்கோ, பிறகு இறங்குங்கோ.

சத்தம் அடுத்தது. சைலன்சரை மாத்தின பைக் ஒண்டு உங்களிட்ட இருக்கெண்டு வீடியோவில கேட்டன். பார்த்தன் எண்டு சொல்லேல்ல, கேட்டன். மருமோன், ஐப்பசியில இஞ்ச எல்லாரும் உழவு மெசினைப் பார்த்துக்கொண்டிருக்கிறவை. முற்பணம் வாங்கினவன் நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு நாலு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருப்பான். தூரத்தில அப்பிடி ஒரு உறுமல் கேட்டால் ஊரே சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு படலைக்கு ஓடிவரும். வந்து பார்த்தால் உழவு மெசின் இல்லை, தாடி வைச்ச தம்பி. அந்த முகங்களைப் பார்க்க உங்களுக்கே பாவமாய் இருக்கும். பேசுறதையும் கேக்க வேண்டிவரும்.

இப்ப வழி.

யாழ்ப்பாணத்தில இருந்து நாவற்குழியில திரும்பி, சங்குப்பிட்டிப் பாலம் ஏறி, பூநகரிக்கு வாங்கோ. பாலம் 2011இல திறந்தது. அதுக்கு முதல் அந்தக் கடலைத் தாண்டப் பட்ட பாட்டை உம்மட அம்மாவிட்டக் கேளும். பாலத்தில எல்லாரும் நிண்டு படம் எடுக்கிறவை, நீங்களும் எடுங்கோ. ஆனால் பூநகரியில கட்டாயம் ஒரு தரிப்பு வேணும். வரலாறு எண்டு நினையாதேயும், அரிசி. பூநகரி மொட்டைக்கறுப்பன். சிவப்பரிசி, சோறு வடிச்சால் வாசம் அடுத்த வீட்டுக்குக் கேக்கும். ஊரைப் பார்க்க வாறவன் ஊர்ச் சோத்தையும் பார்க்க வேணும், அதுதான் சுற்றுலா. ஆளுக்கு ஒரு அஞ்சு கிலோ வாங்கினால் பைக்கின்ர பின்பக்கமும் துள்ளாமல் நிக்கும். வெறும் பைக் பின்னால துள்ளும், மருமோன், எஞ்சினியரிட்டக் கேட்டுப் பாரும்.

முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை எண்டு வாற அந்த ஏ-32 வீதி நல்ல வீதி. ஒரு பக்கம் பத்தைக் காடு, மற்றப் பக்கம் காட்டுக்கு அங்கால கடல். நேர் றோட்டு எண்டபடியால் கை தன்னால முறுக்கும். முறுக்காதேயும். அந்த வீதிக்குச் சொந்தக்காரர் வேற ஆக்கள். ஐப்பசியில வயல் விதைக்கத் தொடங்கின உடன மாட்டை வெளியேற்றிவிடுவினம். அது பாவம் எங்க போறது? பொழுதுபட்டால் றோட்டில வந்து படுக்கும். பகல் வெயில் குடிச்ச தார் இரவு நல்ல இளஞ்சூடு. கறுப்பு எருமை, கறுப்புத் தார், கறுப்பு இரவு. உம்மட எல்.ஈ.டி. லைற் போய் முதலில படுறது அதின்ர கண்ணில, ரெண்டாவதாய்ப் படுறது நீர். பொழுதுபடமுதல் ஓடி முடியுங்கோ. பின்னேரத்தில இடி மின்னலோட மழையும் இந்த மாசத்தில வரும், அதுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஒதுங்க வேணுமெண்டு காட்டுக்குள்ள இறங்காதேயுங்கோ. கண்ணிவெடிக்கெண்டு மண்டையோடு கீறின சிவப்புப் பலகை எங்கயாவது கண்டால் அதுக்கு மேல ஒரு அடியும் வேண்டாம். இதை நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

விடத்தல்தீவில நண்டு. அதை இப்ப வாங்காதேயுங்கோ, ரெண்டு நாள் தாங்காது. விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ. நானும் ஒரு விலை கேட்டு வைச்சிருக்கிறன், ஒத்துப் பார்ப்பம்.

தள்ளாடிப் பக்கம் வந்தால் கடல்நீரேரி திறக்கும். கடலும் இல்லை, நிலமும் இல்லை எண்ட மாதிரி ஒரு இடம். அங்க எஞ்சினை நிப்பாட்டுங்கோ. இந்த வங்காலைச் சரணாலயத்தை 2010இல உலக ராம்சார் பட்டியலில சேர்த்தவை, சும்மா சேர்க்கேல்ல. வாடைக்கு முன்னால வடக்கில இருந்து பறவை இறங்கத் தொடங்கும் நேரம் இது. ஊசிவால் தாரா ஆயிரக் கணக்கில வரும். பூநாரை முதல் கூட்டம் வந்திருந்தால் உமக்கு யோகம். தண்ணிக்கு நடுவில ஒரு இளஞ்சிவப்புக் கோடு மாதிரித் தெரியும். நீர் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கோடு மெல்ல நடக்கும். தலையைக் கவிட்டு, சொண்டைத் தலைகீழாய்ச் சேத்துக்குள்ள வைச்சு, பக்கத்துப் பக்கம் ஆட்டி ஆட்டித் தின்னும். சைபீரியாக் குளிருக்குத் தப்பி வந்த தாராவும், கனடாக் குளிருக்குத் தப்பி வந்த மருமோனும் ஒரே தண்ணியில முகம் பார்க்கலாம். அந்தக் கமரா தம்பி ட்ரோன் கொண்டுவாறானாம். அதுக்கு அனுமதி எடுக்காமல் இஞ்ச ஏத்தினால் பறவைக்கு முதல் நேவி பறந்து வரும். பைக்குள்ளயே வைச்சிருக்கச் சொல்லும். அந்தப் பையில இடம் வேணும், ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

மன்னார்த் தாம்போதி மூண்டு கிலோமீற்றர் அளவு. 1990இல உடைச்ச பாலத்துக்குப் பதிலாய் 2010இல புதுசு வந்தது. இந்த மாசத்தில சோழகம் ஓய்ஞ்சு, வாடை இன்னும் எழும்பாத நேரம், காத்து ஒண்டும் இல்லை எண்டு ஆரும் சொல்லுவினம். நம்பாதேயும். தாம்போதிக் காத்து ஆளைப் பார்த்து அடிக்கும். பைக்கில நல்ல பாரம் இருந்தால்தான் சரிக்காது. இதுக்குத்தான் பூநகரி அரிசியைச் சொன்னனான். இப்ப விளங்கிச்சுதே?

மன்னார் ரவுணில கோட்டை பார்ப்பியள். போத்துக்கேயன் 1560இல கட்டினது, 1658இல ஒல்லாந்தன் பிடிச்சது. ரெண்டு பேரும் முத்துக்கு வந்தவங்கள். பிறகு வெள்ளைக்காரன் வந்து, 1906இல முத்துக்குளிப்பை ஒரு கொம்பனிக்கு 20 வருசக் குத்தகைக்குக் குடுத்தான். கொம்பனி ஆசையோட கையெழுத்து வைச்சது, சிப்பி வைக்கேல்ல. கொஞ்ச வருசத்தில கொம்பனி மூடுப்பட்டுப் போச்சு. அரிப்பில அல்லிராணிக் கோட்டை எண்டு சனம் சொல்லுற இடிஞ்ச செங்கல் மாளிகை, முத்துக்குளிப்பு நேரம் தங்கவெண்டு தேசாதிபதி நோர்த் கட்டினது. அதையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னுது. பார்க்க வடிவான இடம், ஆனால் எனக்கு அங்க ஒரு அலுவலும் இல்லை. நேரமிருந்தால் போங்கோ.

கோட்டைக்குக் கிட்ட ரவுணில ஒரு உதிரிப்பாகக் கடைக்குள்ளயும் தலையைக் காட்டுங்கோ. இதுவும் ஊர் பார்க்கிறதுதான், மன்னார்ப் பொருளாதாரம் அங்கதான் நிக்குது. லாண்ட்மாஸ்ரர் பெல்ற் ரெண்டு கேளும். பழைய பெல்ற்றின்ர நம்பரை மாமி படம் எடுத்துக் குழுவில போடுவா.

பள்ளிமுனையில பெருக்கமரம். நீர் இலை கேட்டீரே, இலை கொட்டுறதில கெட்டித்தனம் இருக்கிற மரம் இஞ்ச இதுதான். கோடையில இலையெல்லாம் உதிர்த்திட்டு, வேரைப் பிடுங்கித் தலைகீழாய் நட்ட மாதிரி நிக்கும். நீர் வாற நேரம் அநேகமாய் இலையோட நிக்கும், உம்மட தலைப்புக்கு உதவாது. 1477இல நட்டதெண்டு பலகை சொல்லுது. சுத்தளவு பத்தொன்பதரை மீற்றர். ஆறு பேரும் கைகோர்த்துக் கட்டிப்பிடிக்கப் பார்ப்பியள், ஏலாது, பன்னிரண்டு பேர் வேணும். அங்க நிக்கிற கழுதையளையும் சேர்த்தால் சரிவரலாம். மன்னார்க் கழுதையைப் பற்றி ஒண்டு: ஹோர்ன் அடிச்சு அது விலகினதாய் இதுவரை வரலாறு இல்லை. அது நடுறோட்டில நிண்டு உங்களை ஒரு பார்வை பார்க்கும். ஆறு லட்சம், ஏழு லட்சம் குடுத்து வாங்கின பைக் அந்தப் பார்வைக்கு முன்னால சைக்கிள் மாதிரி ஆயிடும். நீங்கள்தான் சுத்திப் போக வேணும்.

அதில இருந்து தலைமன்னார் வரைக்கும் பனையும் மணலும். தெற்குக் கரையில காற்றாடிக் கோபுரங்கள் தெரியும், தம்பபவனி எண்டு பேர். 30 கோபுரம், 103.5 மெகாவாற், 2020 கடைசியில திறந்தது. இன்னும் நடப்போகினம் எண்டவுடன 2025இல மன்னார்ச் சனம் றோட்டுக்கு இறங்கிச்சுது. படம் எடுக்கேக்க பின்னால அது வடிவாய் வரும், முன்னால நிக்கிற மீனவனிட்டக் கதைச்சும் பாருங்கோ. அவனுக்கு அது வேற மாதிரித் தெரியும்.

தலைமன்னார் இறங்குதுறையில நிண்டால் அங்கால தனுஷ்கோடி 30 கிலோமீற்றர். 1914இல இருந்து மெட்ராசில ரயில் ஏறி, தனுஷ்கோடியில கப்பல் மாறி, இஞ்ச இறங்கித் திருப்பி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகலாம். ஒரே ரிக்கற். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போச்சு. பிறகு ராமேஸ்வரத்தில இருந்து கொஞ்சக் காலம் கப்பல் ஓடினது, சண்டையோட அதுவும் இல்லை. போனுக்கு மட்டும் இது ஒண்டும் தெரியாது. கரையில நிண்ட உடன ‘இந்தியாவுக்கு நல்வரவு’ எண்டு செய்தி வரும். கடவுச்சீட்டு இல்லாமல் ஆறு போனும் இந்தியா போய் வந்திடும், பில் அப்பாமாருக்கு வரும். டேற்றாவை நிப்பாட்டிப் போட்டுக் கரைக்குப் போங்கோ.

திரும்பி வரேக்க பேசாலை. கருவாடு வாங்காமல் பேசாலையைத் தாண்டினவனை எங்கட ஊரில ஆம்பிளை எண்டு கணக்கெடுக்கிறதில்லை. கட்டாக் கருவாடு, நல்லாய்க் காய்ஞ்சதாய் ரெண்டு கிலோ. அமத்திப் பார்த்தால் விரல் பதியக் கூடாது. கமரா தம்பியின்ர பையில இடம் கேட்டது இதுக்குத்தான். மணக்கும் எண்டு அவன் அழுவான். ட்ரோனுக்கு மூக்கு இல்லை எண்டு சொல்லும்.

இனிக் கட்டுக்கரை. இதைப் பற்றித்தான் நான் எழுத இருந்தது, கருவாட்டில நேரம் போச்சு.

தாம்போதி இறங்கி, உயிலங்குளம் தாண்டி, முருங்கன் பக்கம் வாங்கோ. இங்கிலீசுக்காரன் கட்டுக்கரைக் குளத்துக்கு ‘பூதத்தின்ர குளம்’ எண்ட மாதிரிப் பேர் வைச்சான். சிங்களத்திலயும் யோத வாவி, அதுவும் மல்லன் கதைதான். மனிசன் கட்டினதெண்டு நம்ப ஆருக்கும் மனம் வரேல்ல. வரலாற்றுப் புத்தகங்கள் தாதுசேனன் காலம், ஐந்தாம் நூற்றாண்டு எண்டு சொல்லும். அதுக்கும் முதல் இந்த இடத்தில சனம் இருந்தது. 2016இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புஷ்பரட்ணத்தின்ர ஆக்கள் குளத்தோரம் கிண்ட, சுடுமண் யானையும் குதிரையும் மாடும் வந்தது. குளக்கட்டு எண்டால் ஐயனார், ஐயனார் எண்டால் குதிரை. ஆகவே குளக்கட்டில வாகனத்தில சுத்துற முதல் ஆள் நீர் இல்லை, மருமோன். அவர் இரவில சுத்துறார், சத்தமில்லாமல், காவலுக்கு. சைலன்சர் விசயத்தை யோசியும்.

ரெனன்ட் எண்டு ஒரு துரை 1859இல பெரிய புத்தகம் எழுதினார். அதில இந்தக் குளம் பிரயோசனப்படாத வேலை, மட்டம் பிழைச்சுப் போச்சு, ஆத்துத் தண்ணி வந்து சேராது எண்ட மாதிரி எழுதிவைச்சார். பிறகு ஹென்றி பார்க்கர் எண்டு இன்னொரு வெள்ளைக்காரன், நீர்ப்பாசன எஞ்சினியர், மட்டக்கோலோட வந்து வெயிலில நிண்டு அளந்தான். பழைய ஆக்களின்ர மட்டம் சரி. பிழைச்சது துரையின்ர புத்தகம். அந்த நூற்றாண்டு முடியிற நேரம் குளத்தைத் திருத்திச்சினம். இப்பவும் 164 கிலோமீற்றர் ஓடி வாற அருவியாற்றைத் தேக்கத்தில மறிச்சு, வாய்க்காலில கொண்டுவந்து குளத்தில விட்டு, குளத்தில இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குளங்களுக்கும் வயலுக்கும் பிரிச்சுக் குடுக்குது. பம்பி இல்லை, கரண்ட் இல்லை. நீர் ஏறி நிண்டு படம் எடுக்கப்போற கட்டின்ர வேலை அது.

கட்டில பைக் ஏத்த வேண்டாம். மண்கட்டு, மழை நேரம். சில்லு கீறின தடத்தில தண்ணி ஓடும், ஓடினால் அரிக்கும், அரிச்சால் எனக்கும் உமக்கும் தெரியாமல் பெருக்கும். அலைகரைப் பக்கம் இறக்கிவிட்டு நடவுங்கோ.

ஆனால் உங்களுக்கு நான் உண்மையாய்க் காட்டவிரும்பிறது குளத்தை இல்லை, அதுக்குக் கீழ இருக்கிற மண்ணை. முருங்கன் களி. ஒரு காலம் காங்கேசன்துறைச் சீமெந்துக்கு இந்தக் களியை ரயிலில ஏத்திக்கொண்டு போனவை. ஆவணியில வந்து பார்த்தால் கை நுழையிற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், வாளி போட்டால் மேளம் மாதிரிச் சத்தம் கேக்கும். ஒரு மழை. அவ்வளவுதான். சாம்பல் நிறப் பசை. போன வருசம் கொழும்புப் பக்கத்தால ஒரு பைக் கூட்டம் வந்தது. பெரிய ரயர், சேத்துக்கெண்டே செய்தது, உலகத்தில எங்கயும் ஓடுமாம். வயல் வரம்போட ஒரு குறுக்குப் பாதை இருக்கெண்டு போன் சொல்லிச்சுதாம். நான் வாய்க்காலில கால் கழுவிக்கொண்டிருந்தன், ஒண்டும் சொல்லேல்ல, ஏன் எண்டால் ஆரும் கேக்கேல்ல. இருபது பாகம் போயிருப்பினம். களி ரயரில ஏறி, மட்காட்டுக்குள்ள புகுந்து, சுத்தச் சுத்த இறுகி, சில்லு அப்பிடியே நிண்டிட்டுது. முறுக்க முறுக்க எஞ்சின் கத்துது, சில்லு அசையேல்ல. இறங்கின தம்பியின்ர சப்பாத்து நிலத்தில, கால் மேல. நான் போய்ப் பனை மட்டைத் துண்டு ஒண்டால மட்காட்டுக்குள்ள இருந்து களியைக் கிண்டிக் கிண்டி எடுத்தன். ஒரு பைக்கில ஒரு சட்டி களி. நாலு பைக். முடிய ஒரு தம்பி, ‘அங்கிள், இந்த மண்ணில எப்பிடி நீங்கள் விவசாயம் செய்யிறீங்கள்’ எண்டு கேட்டான். ‘மெதுவாய்’ எண்டன்.

அந்தக் களியில காலபோகம் விதைக்கிறதுக்கு ஒரு நேரம் இருக்கு. கொஞ்சம் முந்தினால் கட்டி, கொஞ்சம் பிந்தினால் கஞ்சி. ரெண்டுக்கும் இடையில ரெண்டு மூண்டு நாள்தான். விதைப்புக் கூட்டம் வைச்சுத் திகதி போட்டாச்சு, என்ர வயலுக்கு அந்த நாள் எப்ப வரும் எண்டு மண்ணைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்து ஒரு கணக்கு வைச்சிருக்கிறன். தற்செயலாய்ப் பாரும், மருமோன், நீங்கள் வந்து சேருற அடுத்த நாள் காலமை.

ஆகவே ரெண்டாம் நாள் பின்னேரம் முருங்கனில ஒரு கடைசித் தரிப்பு. கடைக்காரனிட்ட என்ர பேரைச் சொன்னால் காணும், காசு குடுத்தாச்சு. விதைநெல், ரெண்டு புசல் மூடை. ஏக்கருக்கு ஒரு மூடை எண்டு என்ர ஆறு ஏக்கருக்குக் கணக்கு. மெசின்காரன் ஏத்துகூலி கேக்கிற கேள்வியில நான் அவனோட கதைக்கிறதில்லை. மூடை ஒண்டு நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஒரு மெலிஞ்ச பெட்டையை ஏத்தின மாதிரித்தான். பைக் துள்ளவே துள்ளாது.

இதை எழுதி முடிக்கமுதல் ஒரு செய்தி வந்தது. உங்கட ஆறு பேரில அந்தப் பிள்ளை இருக்கிறாவே, ஸ்கூட்டரில வாறவ. குழுவில என்னட்ட உருப்படியாய் ஒரு கேள்வி கேட்டது அவ மட்டும்தான்: முருங்கனில பஞ்சர் கடை எத்தினை மணிக்குப் பூட்டுவினம் எண்டு. மற்ற ஐஞ்சு பேரும் சூரியன் எத்தினை மணிக்கு விழும் எண்டு கேட்டவை. மாமி பெல்ற் படத்தைப் போட்ட உடன அவ எனக்குத் தனியாய் எழுதியிருக்கிறா.

“மாமா, மூடை எத்தினை?”

நான் இன்னும் மூடையைப் பற்றி ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்ல, மருமோன். அந்தப் பிள்ளை எந்த ஊர்?

ஆறு எண்டு அனுப்பினன். கொஞ்ச நேரம் ‘எழுதுகிறார், எழுதுகிறார்’ எண்டு காட்டினது. பிறகு வந்தது.

“கயிறு உங்களிட்ட இருக்கோ, நாங்கள் கொண்டுவரவோ?”